தூணைச் சுற்றி ஓர் அங்குலம்

ஜெனி,

நீ முதல் ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டாய். உன் அம்மா மாதா கோயிலுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நானும் குக்கரும்தான் இருக்கிறோம், அதுவும் கத்திக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூர் பஸ் ஏறுகிறாய். அதற்குள் உன்னிடம் சொல்லியாகவேண்டியது ஒன்று இருக்கிறது. மூன்று நாளாக நேரில் சொல்லப் பார்க்கிறேன், முடியவில்லை. வாயைத் திறந்தால் குரல் ஏறிவிடுகிறது. முப்பது வருஷம் பிரஸ் ஷாப்பில், தகடு அடிபடுகிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பேசினவன் நான். ரிட்டயர்டு ஆன பிறகும் உப்பு கேட்பதற்குக்கூடத் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் கேட்கிறேன் என்று உன் அம்மா சொல்கிறாள். காகிதத்தில் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன். முதலில் நீ போன பிறகு தபாலில் அனுப்பலாம் என்று நினைத்தேன். அது கோழைத்தனம் என்று தோன்றியது. இன்று சாயங்காலம் நீ வரும்போது உன் மேஜைமேல் இருக்கும்.

இதை எழுதும்போதே எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஒரு தொலைநோக்கியை வாங்கி, அதற்கு ஒரு அறை கட்டி, ஒரு தூண்மேல் உட்காரவைப்பது இவ்வளவு பெரிய ரோதனையாக இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், நான் கேட்டிருக்கமாட்டேன். சொன்னதும் ஒரே ஆள்தான். அது நீதான். அந்தக் கதைக்கு வருகிறேன்.

அந்தப் புயல் வருஷம் உனக்கு நினைவிருக்கும். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் கரண்ட் இல்லை. கம்பெனிகள் மூடிக் கிடந்தன. டேங்க் மூடி பறந்துவிட்டதா என்று பார்க்க சாயங்காலம் ஏழு மணிக்கு மாடி ஏறினேன், நீயும் பின்னாலேயே வந்தாய். வல்லம் வடகால் எஸ்டேட் முழுக்க இருட்டு. செம்பரம்பாக்கம் பக்கம் திரும்பினால் அங்கேயும் இருட்டு. மேலே பார்த்தால் வானம் முழுக்க நட்சத்திரம். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன், எனக்கே அவ்வளவு பார்த்த நினைவில்லை. நீ அண்ணாந்தபடியே, "அப்பா, இதெல்லாம் எப்பவுமே இங்கதான் இருந்துச்சா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன், ஏதோ நானே மாட்டிவைத்த மாதிரி. ஐந்தாம் நாள் கரண்ட் வந்தது. தெருவே கைதட்டியது. நீ மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு இறங்கிவந்து, "போச்சு" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நான் விடவே இல்லை. ரிட்டயர்டு ஆனதும் பின்பக்கத்து மனையில் இவளுக்கு ஒரு வானம் பார்க்கிற அறை கட்டிக் கொடுக்கிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நீ கேட்டாயா? கேட்கவில்லை. என் கோளாறே அதுதான். நீ கேட்காததையெல்லாம் தேடித் தேடிக் கொண்டுவந்து கொடுப்பேன், கேட்டதைக் கொடுக்கமாட்டேன்.

பிறகு நடந்த கூத்தை நீயே பார்த்தாய். இருந்தாலும் சொல்லித்தான் தீருவேன், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. தொலைநோக்கியை அனுப்பிய சென்னைக்காரர் முதலில் குழாயையும் கண்ணாடியையும் அனுப்பினார். அதைத் தாங்கித் திருப்புகிற மவுண்ட் வரவில்லை. இரண்டு மாதம் அந்தப் பெட்டி ஹாலில் கிடந்தது. உன் அம்மா அதன்மேல் துணி மடித்துவைத்தாள். போன் செய்தால் "வந்துட்டே இருக்கு சார்" என்பார். இலங்கையைச் சுற்றி வருகிறதா என்று கேட்டேன். ஒரு வழியாக மவுண்ட் வந்தது. திறந்தால், சமநிலைக்கு மாட்டுகிற எடைக் குண்டின் துளை ஒரு அளவு, அது மாட்டவேண்டிய தண்டு வேறு அளவு. கண்ணை மூடிக்கொண்டு பேக் செய்திருக்கிறார்கள். நம் கம்பெனியில் இப்படி ஒரு பீஸ் வெளியே போயிருந்தால் லைனையே நிறுத்தியிருப்போம்.

கூரை அதைவிட மோசம். ஒரகடம் ரோட்டில் ஷட்டர், கேட் எல்லாம் செய்கிற முனுசாமியிடம் கொடுத்தேன். இரும்புச் சட்டத்தில் ஷீட் போட்டு, கேட் சக்கரம் வைத்து, தண்டவாளத்தில் தள்ளினால் முழுக் கூரையும் ஒரு பக்கம் நகர்ந்து வானம் தெரியவேண்டும், அவ்வளவுதான் வேலை. "அண்ணே, சொர்க்கவாசல் மாதிரி தொறக்கும் பாரு" என்றான். முதல் மழைக்கே சக்கரம் துரு பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது. சொர்க்கமும் இல்லை, வாசலும் இல்லை. நானும் உன் அம்மாவும் கயிறு கட்டி இழுத்ததைப் பார்த்துத் தெருவில் போனவர்கள் நின்று யோசனை சொன்னார்கள். சக்கரத்தை மாற்ற வந்த முனுசாமி, இதில் முதலில் எதைப் பார்க்கப்போகிறாய் என்று கேட்டான். சனிக் கிரகத்தை என்றேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான். "இன்னாண்ணே நீ, ஊரே சனி எப்போ வுட்டுப் போவும்னு வேண்டிக்கினு கீது. நீ ரூம் கட்டி வூட்டுக்குள்ள இட்டுக்கினு வர்றியே" என்றான். எனக்கு வந்த கோபத்தில் டீகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். நீ உள்ளே நின்று சிரித்தது கேட்டது.

அப்புறம் அந்த விளக்கு. தெற்கே புதிதாக வந்த கிடங்கில் உயரக் கம்பம் நட்டு நான்கு பக்கமும் வெள்ளை விளக்கு போட்டான். நம் கொல்லையில் கொத்தமல்லி கிள்ளலாம், அவ்வளவு வெளிச்சம். மனு எழுதிக்கொண்டு ஒரு ஆபீஸுக்குப் போனேன், அங்கிருந்து இன்னொரு ஆபீஸுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் மனுவை இரண்டு முறை படித்தார். "தெருவுல லைட் எரியலன்னுதான் சார் எல்லாரும் வருவாங்க. எரியுதுன்னு வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். பக்கத்து மேஜையெல்லாம் சிரித்தது. கடைசியில் நானே தெற்குச் சுவரில் தகரம் அடித்து உயர்த்தினேன். காற்று அடித்தால் அது தனியாக மேளம் வாசிக்கிறது.

இதெல்லாம் அடுத்தவர்கள் செய்தது. இனி வருவது நான் செய்தது.

தூண். எல்லாவற்றுக்கும் ஆதாரம் அதுதான். வேலை ஆரம்பிக்கும் முன்பே நீ ஒரு படம் வரைந்துகொண்டு வந்தாய். தரையில் ஒரு குழி, குழியில் மணல் மெத்தை, அதன்மேல் தனியாக ஒரு கான்கிரீட் கட்டை, அதிலிருந்து தூண். தூணைச் சுற்றி, அறையின் தரைக்கும் அதற்கும் நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி. அந்த இடைவெளியை சிவப்பு மையில் வளைத்து, "எதுவும் தொடக்கூடாது" என்று எழுதியிருந்தாய். நம் கம்பெனியில் அளவு பார்க்கிற ஏசி அறையில் நீ வேலை பார்க்கிறாயே, அங்கே அந்தக் கருங்கல் மேஜை மிஷினுக்கு இப்படித்தான் அஸ்திவாரம் என்று சொன்னாய். மிஷின் கட்டடத்தைத் தொட்டால் கட்டடத்தின் ஆட்டமெல்லாம் அளவில் வந்துவிடும் என்றாய். நீ சொன்னது முழுக்க சரி. ஆனால் நான் பிரஸ் நட்டவன். பிரஸ் என்றால் பூமியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஆள் உயர போல்ட்டை இறக்கி, கான்கிரீட் ஊற்றி, கட்டடத்தோடு கட்டடமாக இறுக்கினால்தான் அது நிற்கும். என் கண்ணுக்கு இறுக்கிக் கட்டாதது எதுவுமே நிற்காதது. நீ நேற்று வந்தவள், உன் அப்பன் எத்தனை மிஷினை நட்டவன் தெரியுமா என்று கத்தினேன். படத்தைச் சுருட்டி எறிந்தேன். நீ என்னோடு சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கான்கிரீட் போடும் நாளை நான் எப்படிக் குறித்தேன் தெரியுமா? உனக்கு முதல் ஷிஃப்ட், அதோடு ஓ.டி.யும் இருக்கிறது என்று உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நாளில் போட்டேன். தூணின் கம்பியை அறையின் பூமட்ட பீமோடு கட்டினேன். அறையின் பீமை, பக்கத்தில் நாம் வாடகைக்கு விட்டிருக்கிற லைன் வீட்டு பீமோடு கட்டினேன். அந்தப் பக்கம் மோட்டார் மேடை, அதையும் விடவில்லை. கொத்தனாரே "எதுக்கு சார் இவ்ளோ" என்றார். யானை வந்து முட்டினாலும் அசையக்கூடாது என்றேன். சாயங்காலம் நீ வந்து ஈரக் கான்கிரீட்டைப் பார்த்தாய். கம்பி எங்கெங்கே போகிறது என்று உன் கண் போவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "சரிப்பா. உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போய்விட்டாய்.

ஐப்பசி முழுக்க, கார்த்திகையிலும் பாதி மேகம். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் தொடங்கிய வாரத்தில்தான் வானம் ஒரு நாள் திறந்தது. உன் அம்மா வாசலில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் ஸ்டாரை அணைக்கச் சொல்லி நான் போட்ட கூச்சல் இன்னும் அவளுக்கு ஆறவில்லை. ஊரே ஸ்டார் கட்டுகிற மாதத்தில், நட்சத்திரம் பார்க்கிறவன் வீட்டு ஸ்டார் மட்டும் அணைந்து கிடந்தது. கூரையைத் தள்ளி, சனியைத் தேடிப் பிடித்துக் கண்ணை வைத்தேன். படத்தில் பார்க்கிற பட்டையான வளையம் இல்லை. இந்த வருஷம் அது நம் பக்கம் ஒருக்களித்துத் திரும்பியிருக்கிறது, ஒரு குண்டுமணியில் ஊசி குத்தினாற்போல் மெல்லிய கோடுதான் தெரியும் என்று நீ முன்னமே சொல்லியிருந்தாய். அந்தக் கோடு தெரிந்தது. உடனே ஒரு துள்ளு துள்ளி மங்கியது. நின்றது. மறுபடி துள்ளியது. லைன் வீட்டில் யாரோ குளிக்க மோட்டார் போட்டார்கள், சனி கிடுகிடுவென்று நடுங்கியது. மோட்டார் நின்றது, நடுக்கம் நின்றது, துள்ளல் மட்டும் நிற்கவில்லை. நான் எண்ணிப் பார்த்தேன். ஆறு விநாடிக்கு ஒன்று.

அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், ஜெனி. நம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், நம் கம்பெனியில் இருக்கிற மூன்றாம் நம்பர் பிரஸ் அது. அதை நட்டவன் நான். பெற்ற பிள்ளையின் காலடிச் சத்தம் மாதிரி அதன் அடி எனக்குத் தெரியும். கண்ணை வைத்த ஒரு நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் என்ன செய்தேன்? நீ பார்க்க வந்தபோது, மவுண்ட் மட்டமான சரக்கு, சென்னைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன். நீ ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, தூணின் அடியைப் பார்த்தாய். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

ஒரு வாரம் சென்னைக்காரரைப் போனில் கிழித்தேன். லைன் வீட்டுப் பையன்களை விட்டேனா? நடக்காதே, குதிக்காதே, ஷிஃப்ட்டுக்குப் போகும்போது பூனை மாதிரி போ என்று தொந்தரவு. அந்தத் திருநெல்வேலி சங்கரன் ஒரு நாள் வாசலில் வந்து நின்றுகொண்டு, "அண்ணாச்சி, குளிக்கணும், மோட்டார் போட்டுக்கிடட்டுமா, இல்ல உங்க கிரகம் வீட்டுக்குப் போனப்புறம் போடணுமா?" என்று பணிவாகக் கேட்டான். அவனையும் திட்டினேன். கடைசியில் சென்னைக்காரரே கிளம்பி வந்தார். நான் கத்துவதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று கொண்டுவந்தேன். தூணின் தலையில், மவுண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் ஆறு விநாடிக்கு ஒரு முறை சிலிர்த்தது. "சார், மவுண்ட் நல்லாத்தான் கீது. உங்க பில்டிங்தான் அத்த ஆட்டுது. யாரோ எல்லாத்தையும் ஒண்ணா கட்டி வெச்சிகீறாங்க" என்றார். யாரோ. அவருக்கு மட்டும் சாப்பாடு போட்டு அனுப்பினேன்.

நீ சுருட்டி எறிந்த படத்தைத் தேடினேன். தப்பு, நீ எறியவில்லை, நான் எறிந்தது. பார், இப்போதுகூடக் கை தானாகப் பழியை உன்மேல்தான் போடுகிறது. உன் அம்மா அதை அரிசி டப்பாவுக்கு அடியில் நீவி வைத்திருந்தாள். "இப்பவாவது வேணுமா?" என்று மட்டும் கேட்டாள். கிறிஸ்துமஸ் வாரம் தொடங்கி நான் கான்கிரீட் உடைத்தேன். கட்டும்போது ஒரு நாள், உடைக்கப் பதினொரு நாள். ஒவ்வொரு கம்பியாக அறுத்தேன். எவன்டா இவ்வளவு கம்பி போட்டான் என்று திட்டிக்கொண்டே அறுத்தேன். தூசியில் கண் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தபோது நீ உன் சேஃப்டி கண்ணாடியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாய். 'அப்பவே சொன்னேனே' என்று நீ ஒரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது உன் அம்மாவின் குணம், அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம்.

மணல் மெத்தை போட்டு, நீ வரைந்த அளவுக்கே கட்டை ஊற்றி, ஓர் அங்குலம் விட்டுத் தூணை எழுப்பினேன். பொங்கல் முடிந்து நேற்றுதான் முதல் சோதனை. நீ முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து, ஏழு மணிக்குக் கண்ணை வைத்தாய். இன்னும் லேசாக நடுங்குகிறது என்றாய். எனக்குத் தலை வெடித்துவிட்டது. மணல் சரியில்லை, சிமெண்ட் சரியில்லை, முனுசாமியின் தண்டவாளம் எங்கோ இடிக்கிறது, இந்த ஊரே சரியில்லை, மொத்தமாகப் பெயர்த்து ஏரியில் போடுகிறேன் என்று கத்திக்கொண்டிருந்தேன். நீ கண்ணை எடுக்காமலே மெதுவாகச் சொன்னாய்.

"அப்பா, கைய எடுப்பா."

அப்போதுதான் பார்த்தேன், என் உள்ளங்கை குழாயின்மேல் இருந்தது. எனக்கே தெரியாது. ஓடுகிற மிஷின்மேல் கை வைக்காமல் நான் நின்றதே இல்லை. பேரிங் போகிறதா, போல்ட் தளர்கிறதா என்று காதுக்கு முன்னால் கைக்குத்தான் தெரியும், அந்தப் பழக்கம். கையை எடுத்தேன். நீ இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "நிக்குதுப்பா" என்றாய். என்னையும் பார்க்கச் சொன்னாய். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். குண்டுமணியும் ஊசியும் ஆணி அடித்த மாதிரி நின்றன. மூன்றாம் நம்பர் பிரஸ் அந்தப் பக்கம் அடித்துக்கொண்டேதான் இருந்தது, காலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. நீ சந்தோஷமாகத் தூங்கப் போனாய். நான் தூங்கவில்லை.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். இனியும் தள்ளினால் இந்தக் கடிதம் முழுக்க முனுசாமியைத் திட்டியே முடித்துவிடுவேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், நீ டிப்ளமோ முடித்ததும், பெங்களூரில் லென்ஸ் அளவு பார்க்கிற ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போய் வந்தாயே. நன்றாகச் செய்தேன், கூப்பிடுவார்கள் என்று இரண்டு மாதம் போனைக் கையிலேயே வைத்திருந்தாய். கூப்பிடவே இல்லை என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாய். அவர்கள் கூப்பிட்டார்கள். உன் போனுக்கு லைன் கிடைக்கவில்லை என்று, நீ படிவத்தில் இரண்டாவதாகக் கொடுத்திருந்த என் நம்பருக்குக் கூப்பிட்டார்கள். நான் ஷாப்பை விட்டு வெளியே வந்து பேசினேன். அவள் இங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டாள், வரமாட்டாள் என்று சொன்னேன். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் பேசியிருப்பேன். நீ அழுத அன்று உனக்குப் பிடிக்கும் என்று பரோட்டா வாங்கிவந்து, நானே பிய்த்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் மேனேஜரைப் பிடித்து உன்னை நம் கம்பெனியில் சேர்த்தேன். ஒரே கம்பெனி கேட்டில் நீ முன்னால், நான் பின்னால். என் மகள், என் மகள் என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டு வந்தேன். அசையாமல் கட்டிவிட்டேன் என்று எனக்குள் அவ்வளவு நிம்மதி.

ஏன் செய்தேன் என்று கேட்டால் நல்ல பதில் இல்லை. பெண் பிள்ளை தனியாகப் போவதற்குப் பயம் என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. மீதி, நீ போனால் இந்த வீட்டில் நான் கத்துவதைக் கேட்க ஆள் இருக்காது என்பது. நீ இல்லாத வீட்டை நினைத்து நான் பயந்தேன். அதற்கு உன் நாலு வருஷத்தை எடுத்துக்கொண்டேன். தப்பு, ஜெனி. பெரிய தப்பு. இதை உன் அம்மாவிடமும் நேற்று இரவுதான் சொன்னேன். அவள் இன்று என்னோடு பேசாமல்தான் கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

உனக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த முறை பெங்களூர் வேலைக்கு மனுப் போட்டபோது படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாய். இரண்டாவது நம்பர் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தாய். அதைப் பார்த்துவிட்டு நான் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். ஏன் என்று உன்னிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அந்தக் கோடு சரியான கோடு.

அப்பன் என்றால் புத்தி சொல்லவேண்டும், சொல்கிறேன். அங்கே உன் மேலதிகாரி என்னை மாதிரி கத்துகிற ஆளாக இருந்தால், "சரி, உங்க இஷ்டம்" என்று சாப்பிடப் போய்விடாதே. படத்தை மறுபடி விரித்து அவன் மூஞ்சிக்கு முன்னால் வை. நீ அன்றைக்குப் பேசாமல் போனது என் கத்தலுக்கு மரியாதை கொடுத்துத்தான், அந்த மரியாதைக்கு நான் லாயக்கு இல்லை. தப்பு யாருடையது என்று தெரிந்த நிமிஷத்திலேயே சொல்லிவிடு, என்னை மாதிரி ஒரு வாரம் ஊரைத் திட்டிக்கொண்டிருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. உன் ரூம் எப்படி, ஓனர் யார், தாழ்ப்பாள் கெட்டியா என்று நான் போன் செய்து குடைவேன், தெரியும். எடுக்காதே. நீயாகக் கூப்பிடும்போது கூப்பிடு. தொலைநோக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன். கண்ணாடியில் தூசி விழாமல் மூடிவைக்கிறேன். எதையும் சரிசெய்கிறேன் என்று அதைத் திறக்கமாட்டேன், சத்தியமாக.

இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. ஆனால் ஞாயிறு காலை ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருவேன், வராமல் இருக்க என்னால் முடியாது. உன் பெட்டியை நான்தான் தூக்குவேன். பஸ் வந்ததும் பெட்டியை மேலே வைக்கிறேன் என்று கூடவே படியேறுவேன். வைத்த பிறகும் இறங்கமாட்டேன். நீ உட்கார்ந்திருக்கிற சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், எனக்கே தெரியாமல். கண்டக்டர் விசில் அடித்தாலும் எனக்குக் காது கேட்காது, பிரஸ் ஷாப் காது.

அப்போது நேற்று சொன்னதையே இன்னொரு முறை சொல். கையை எடுத்துவிடுவேன்.

அப்பா